காதுக்குள் கச்சேரி வைத்த மோரிட்டா

முன்னூறு ஆண்டுகளாக ஒரே தொழில் செய்த குடும்பம் அது. அரிசியில் மது காய்ச்சி விற்கும் தொழில். தகப்பனுக்குப் பின் மூத்த மகன். அவனுக்குப் பின் அவன் மூத்த மகன். இப்படி 14 தலைமுறை போயிற்று. 15-வது தலைமுறையில் வந்த மூத்த பிள்ளை மட்டும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. உடைந்த ரேடியோக்களைப் பழுது பார்க்கும் சிறு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்து கொண்டார்.

அவர் போயிருக்காவிட்டால், நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கம் உலகத்துக்கு எப்போது வந்திருக்குமோ தெரியாது. இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, தலையில் ஒரு மெல்லிய வளையம், காதுக்குள் கச்சேரி. அந்தப் பெட்டியின் பெயர் வாக்மேன். அதை உலகத்துக்குக் கொடுத்தவர் பெயர் அகியோ மோரிட்டா.

மூத்த பிள்ளை

1921-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி ஜப்பானில் நகோயா நகரில் மோரிட்டா பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் பக்கத்தில் உள்ள கொசுகாயா என்ற கிராமம். ஊரில் பெரிய வீடு. செல்வாக்குள்ள குடும்பம்.

ஆனால் அந்தச் செல்வம் ஒரு முறை ஆட்டம் கண்டிருந்தது. மோரிட்டாவின் பாட்டனாரும் அவருக்கு முந்தியவரும் கலைப்பொருள்கள் மீது ஆசை கொண்டவர்கள். ஓவியம், பீங்கான் என்று வாங்கிக் குவித்தார்கள். தொழிலைக் கவனிக்கவில்லை. கடன் ஏறியது. மோரிட்டாவின் தகப்பனார் அப்போது மாணவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடி வந்தார். விழ இருந்த தொழிலைத் தூக்கி நிறுத்தினார்.

அப்படிப்பட்ட தகப்பனாருக்கு மூத்த மகன் மீது எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும்! சிறு வயதிலேயே மகனை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பெரியவர்கள் கூடிப் பேசும்போது பக்கத்தில் உட்கார வைத்தார். கணக்குப் பார்க்கவும், சரக்கைச் சோதிக்கவும், ஆட்களை நடத்தவும் கற்றுக் கொடுத்தார். பையன் எல்லாவற்றையும் கற்றுக் கொண்டான். ஆனால் அவன் மனம் வேறு இடத்தில் இருந்தது.

தாயாரின் பாட்டுப் பெட்டி

மோரிட்டாவின் தாயாருக்கு மேல்நாட்டுச் சங்கீதத்தில் மிகுந்த விருப்பம். வீட்டில் கையால் சாவி முடுக்கும் பழைய கிராமபோன் ஒன்று இருந்தது. அதன் ஓசை கரகரப்பாக இருந்தது. மோசமான ஓசையைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளின் காது கெட்டுவிடக் கூடாது என்று தகப்பனார் கவலைப்பட்டார். மின்சாரத்தால் ஓடும் புதிய கிராமபோனை வாங்கினார். விலை 600 யென். அந்த நாளில் ஜப்பானில் ஒரு கார் 1,500 யென்னுக்குக் கிடைத்தது. காரின் விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு!

புதுப் பெட்டி பாடியதும் பையன் திகைத்துப் போனான். அதே இசைத்தட்டு. அதே பாட்டு. ஓசை மட்டும் வேறு! பழைய பெட்டியில் கேட்காத வாத்தியங்கள் எல்லாம் இதில் கேட்டன. இது எப்படி என்ற கேள்வி அவனைப் பிடித்துக் கொண்டது.

மின்சாரப் புத்தகங்களை வாங்கிப் படித்தான். தானே ஒரு கிராமபோன் செய்தான். ரேடியோ செய்தான். பிறகு இன்னும் பெரிய ஆசை வந்தது. எஃகுக் கம்பியில் மனிதக் குரலைப் பதிவு செய்ய வேண்டும்! டென்மார்க் நாட்டின் வால்டெமார் பவுல்சன் 1898-ம் ஆண்டிலேயே அதைச் செய்து காட்டியிருந்தார். பையன் கம்பி வாங்கினான். ஏறக்குறைய ஓராண்டு பாடுபட்டான். ஒரு சொல்லும் பதிவாகவில்லை. தோற்றுப் போனான்.

இதற்குள் பள்ளிப் படிப்பு பாழானது. மார்க் வரிசைப்படி உட்கார வைக்கும் பள்ளி அது. கடைசிக் கூட்டத்தில்தான் அவனுக்கு இடம். வீட்டில் கண்டித்தார்கள். யந்திரங்களை ஒதுக்கி வைத்து, ஓராண்டு வெறியாகப் படித்து, உயர்தரப் பள்ளியில் இடம் பிடித்தான். பிறகு ஒசாகா பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றான்.

போரில் கிடைத்த நண்பர்

அப்போது உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. மோரிட்டா கடற்படையில் தொழில்நுட்ப அதிகாரியானார். புதிய ஆயுதங்களை ஆராயும் குழு ஒன்றில் அவரைப் போட்டார்கள். அங்கே மசாரு இபுகா என்பவரைச் சந்தித்தார். இபுகா அவரைவிட 13 வயது மூத்தவர். கைதேர்ந்த என்ஜினீயர். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், யந்திரம். நட்பு வேர் பிடித்தது.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. ஜப்பான் தோற்றது. டோக்கியோ நகரம் எரிந்து கரிக்கட்டையாகக் கிடந்தது. நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள்.

ரேடியோ பழுது பார்த்த இடம்

டோக்கியோவில் ஷிரோகியா என்று ஒரு பெரிய கடைக் கட்டிடம். குண்டு வீச்சில் அடிபட்டு நின்றது. அதன் மூன்றாவது மாடியில் இபுகா ஓர் இடம் பிடித்தார். 1945 அக்டோபரில் சில ஆட்களுடன் வேலை தொடங்கினார். என்ன வேலை? ரேடியோ ரிப்பேர்.

போர்க் காலத்தில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றம். சிற்றலை வாங்கும் பகுதியைப் போலீசார் ரேடியோவிலிருந்து துண்டித்து விட்டார்கள். இப்போது போர் முடிந்துவிட்டது. உலகத்தில் என்ன நடக்கிறது என்று அறிய மக்கள் துடித்தார்கள். ஆனால் வீட்டு ரேடியோக்கள் உடைந்து கிடந்தன. இபுகாவின் ஆட்கள் அவற்றைச் சரி செய்தார்கள். சிற்றலையும் கேட்கும்படி ஒரு சிறு கருவியைச் செய்து பொருத்தினார்கள். ஒரு நாளிதழ் இதைப் பற்றிச் சில வரிகள் எழுதியது.

அந்தச் சில வரிகள் கொசுகாயாவில் இருந்த மோரிட்டாவின் கண்ணில் பட்டன. உடனே இபுகாவுக்குக் கடிதம் எழுதினார். இபுகாவும் வரச் சொல்லிப் பதில் போட்டார்.

மகனைக் கேட்டு வந்தார்கள்

இங்கேதான் பெரிய சிக்கல். மூத்த மகனை வேறு தொழிலுக்கு அழைப்பது அந்த நாள் ஜப்பானில் சின்ன விஷயம் அன்று. ஒரு குடும்பத்தின் வாரிசையே கேட்பதாகும். நம் ஊரில் பெண் கேட்டுப் பெரியவர்கள் போவதுபோல, 1946-ம் ஆண்டு இபுகாவும் அவருடைய மாமனாரும் ரயில் ஏறிக் கொசுகாயாவுக்குப் போனார்கள். மாமனார் மேதா, மந்திரியாக இருந்தவர். உடைந்த கண்ணாடி ஜன்னல் வழியே குளிர் காற்று அடிக்கும் ரயில். போய்ச் சேர்ந்து, தாங்கள் தொடங்கப் போகும் கம்பெனியைப் பற்றிச் சொன்னார்கள். அகியோ இல்லாமல் அது நடக்காது என்றார்கள்.

தகப்பனார் என்ன சொல்வார்? குடும்பத்துக்காகத் தம் படிப்பையே விட்டவர் அவர். மகனும் அப்படியே வர வேண்டும் என்று கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர் கேட்கவில்லை. தமக்குப் பின் அகியோதான் வருவான் என்று எதிர்பார்த்திருந்ததை மறைக்காமல் சொன்னார். மகனுக்கு எது பிடிக்கிறதோ அதையே செய்யட்டும் என்றும் சொல்லிவிட்டார். மது ஆலையை மோரிட்டாவின் தம்பி பார்த்துக் கொண்டார்.

அது மட்டுமா? புதுக் கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்ட போதெல்லாம் தகப்பனாரே கடன் கொடுத்தார். திருப்பிக் கேட்டு நெருக்கவில்லை. கடனுக்கு ஈடாகப் பங்குகள் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பங்குகளின் மதிப்பு மலைபோல் உயர்ந்தது.

வேகாத சோறு

1946 மே 7-ந் தேதி கம்பெனி பிறந்தது. சுமார் 20 ஆட்கள். முதல் 1,90,000 யென். என்ன செய்து விற்பது என்று யாருக்கும் தெளிவில்லை. மின்சாரத்தில் சோறு வடிக்கும் பாத்திரம் ஒன்று செய்தார்கள். மரத்தொட்டியின் அடியில் மின்சாரத் தகடு. சில நாள் சோறு வேகவில்லை. சில நாள் குழைந்து கஞ்சியானது. அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

பிறகு இடம் மாறினார்கள். புது இடத்தில் கூரை ஒழுகியது. மழை நாளில் மேஜைக்கு மேல் குடை விரித்துக் கொண்டு வேலை செய்தார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் கொண்டு வந்த ஒரு யந்திரத்தை இபுகா பார்த்தார். நாடாவில் குரலைப் பதிவு செய்து, திரும்பப் பேச வைக்கும் டேப் ரிக்கார்டர். மோரிட்டா சிறு வயதில் செய்ய முயன்று தோற்றது இதைத்தான்! இனி இதுதான் நம் தொழில் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

வாணலியில் வறுத்த மருந்து

யந்திரம் செய்ய அவர்களுக்குத் தெரியும். நாடா செய்யத் தெரியாது. அதற்கு நல்ல பிளாஸ்டிக் வேண்டும். அது ஜப்பானில் கிடைக்கவில்லை. செலஃபேன் தாளில் செய்தார்கள், இழுத்தால் நீண்டது. கடைசியில் கெட்டியான காகிதத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்துக் கொண்டார்கள்.

காகிதத்தின் மேல் காந்தப் பொடி பூச வேண்டும். இரும்பு கலந்த ஒரு ரசாயனப் பொடியை மருந்து மொத்தக் கடையில் வாங்கினார்கள். அதைச் சூடாக்கினால் காந்தப் பொடியாகும். சூளை இல்லை. வாணலியில் போட்டு வறுத்தார்கள்! பதம் வந்ததும் இறக்கினார்கள். குழம்பாக்கி, மென்மையான தூரிகையால் காகிதத்தில் கையாலேயே பூசினார்கள். அந்த நாடா பேசியது.

1950-ம் ஆண்டு ஜப்பானின் முதல் டேப் ரிக்கார்டர் விற்பனைக்கு வந்தது. ஓர் ஆள் தூக்க முடியாத கனம். விலை சுமார் 1,60,000 யென். பட்டதாரிக்கு மாதம் 10,000 யென்கூடச் சம்பளம் கிடைக்காத காலம் அது. எல்லோரும் கேட்டார்கள், சிரித்தார்கள், தங்கள் குரலே திரும்ப வருவது கண்டு மகிழ்ந்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் மோரிட்டா பழம்பொருள் கடை ஒன்றின் பக்கம் போனார். ஒருவர் பழைய ஜாடி ஒன்றைக் கூசாமல் பணம் கொடுத்து வாங்கினார். டேப் ரிக்கார்டரைவிட அதிக விலை! ஜாடியின் அருமை அவருக்குத் தெரியும், கொடுத்தார். நம் யந்திரத்தின் பயன் மக்களுக்குத் தெரியவில்லை, வாங்கவில்லை. பொருளைச் செய்தால் போதாது, அது யாருக்கு எதற்கு என்று காட்டவும் வேண்டும் என்பது மோரிட்டாவுக்கு அன்று விளங்கியது.

நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர் பற்றாக்குறை இருப்பதை அறிந்தார். அங்கே கொண்டு போய்க் காட்டினார். 20 யந்திரங்கள் ஒரே தடவையில் விற்றன. பிறகு பள்ளிக்கூடங்கள் வாங்கின.

சட்டைப் பை பெரிதானது

அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் என்ற சிறு பொருளைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைச் செய்யும் உரிமையை 25,000 டாலருக்கு மோரிட்டா கம்பெனி வாங்கியது. 1955-ல் ஜப்பானின் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவை வெளியிட்டது. 1957-ல் இன்னும் சிறிய ரேடியோ வந்தது. சட்டைப் பையில் அடங்கும் என்று விளம்பரம் செய்ய ஆசை. ஆனால் அது சாதாரணப் பையைவிடக் கொஞ்சம் பெரியது! மோரிட்டா என்ன செய்தார் தெரியுமா? விற்பனைக்காரர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார்.

அமெரிக்காவின் பெரிய கடிகாரக் கம்பெனி ஒன்று ஒரு லட்சம் ரேடியோக்கள் கேட்டது. ஒரே நிபந்தனை. அதன் மேல் தங்கள் பெயரைத்தான் போடுவார்களாம். ஒரு லட்சம் என்பது அன்று மோரிட்டா கம்பெனி கனவிலும் காணாத தொகை. மோரிட்டா மறுத்துவிட்டார். சொந்தப் பெயரை வளர்க்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. அந்தச் சொந்தப் பெயர் சோனி. ஓசை என்று பொருள்படும் லத்தீன் சொல்லையும், சின்னப் பையன் என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துச் செய்த பெயர். 1958-ல் கம்பெனியின் பெயரே சோனி என்று மாறியது.

1963-ல் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு நியூயார்க்கில் குடியேறினார். அமெரிக்கர்களோடு பழகாமல் அவர்களுக்கு விற்க முடியாது என்பது அவர் எண்ணம். மறு ஆண்டு தகப்பனார் காலமானார். மோரிட்டா ஜப்பான் திரும்பினார். தொழிலைத்தான் அவர் விட்டிருந்தார். மூத்த பிள்ளையின் கடமையை விடவில்லை. குடும்பத்தின் தலைமையை ஏற்றுக் கொண்டார்.

பதிவு செய்யாத டேப் ரிக்கார்டரா?

1963-ல் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் கம்பெனி ஓர் அதிசயம் செய்தது. இரண்டு சக்கரத்தையும் நாடாவையும் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் அடைத்தது. அதுதான் கேசட். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஆட்டன்ஸ். மற்றக் கம்பெனிகளும் அதே அளவில் செய்துகொள்ளப் பிலிப்ஸ் இலவசமாக அனுமதி கொடுத்தது. அதனால்தான் எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டு யந்திரத்திலும் பாடுகிறது.

1979-ம் ஆண்டு. இபுகாவுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. அடிக்கடி விமானத்தில் வெளிநாடு போவார். வழியில் பாட்டுக் கேட்க ஆசை. ஆனால் யந்திரம் கனமாக இருந்தது. நிருபர்கள் பேட்டி எடுக்கப் பயன்படும் சின்ன டேப் ரிக்கார்டரைச் சோனி அப்போது விற்று வந்தது. அதில் பதிவு செய்யும் பகுதியையும், ஒலிபெருக்கியையும் எடுத்துவிட்டு, இரண்டு காதுக்கும் தனித்தனி ஓசை வரும்படி மாற்றித் தரச் சொன்னார். என்ஜினீயர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். இபுகா அதை மோரிட்டாவிடம் காட்டினார்.

மோரிட்டா காதில் மாட்டினார். கேட்டார். தாயாரின் புதுப் பெட்டி முன் நின்ற பையனாக மாறினார் என்றே சொல்ல வேண்டும். இதை இளைஞர்களுக்காக விற்க வேண்டும் என்றார்.

கம்பெனியில் பலர் தலையசைக்கவில்லை. பதிவு செய்யாத டேப் ரிக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். மோரிட்டா விடவில்லை. கோடை விடுமுறைக்கு முன் வந்தாக வேண்டும் என்று நாள் குறித்தார். மாணவர்கள் வாங்கும் விலையாக இருக்க வேண்டும் என்றார். விலை 33,000 யென் என்று முடிவாயிற்று. 30,000 பெட்டி விற்காவிட்டால் தலைவர் பதவியை விட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

இன்னொரு வேலையும் அப்போது கைகூடி வந்தது. அதுவரை காதில் மாட்டும் ஒலிக்கருவி 300, 400 கிராம் எடை. சோனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் 50 கிராமுக்கும் குறைவான கருவி ஒன்று தயாராகிக் கொண்டிருந்தது. பெட்டியையும் அதையும் சேர்த்தார்கள்.

மனைவி சொன்ன பாடம்

மோரிட்டா முதல் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு போய்க் கேட்டார். பக்கத்தில் இருந்த மனைவிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கணவர் தனி உலகத்தில் இருந்தார். மனைவியின் முகம் வாடியதை மோரிட்டா கவனித்தார். இது தவறு என்று பட்டது. உடனே இரண்டு பேர் கேட்க இரண்டு துளை வைக்கச் சொன்னார். காதில் மாட்டியபடியே அடுத்தவரோடு பேச ஒரு பொத்தானும் வைத்தார்கள். அழுத்தினால் பாட்டு அடங்கும், பேச்சுக் கேட்கும்.

பிற்பாடு நடந்தது வேறு. வாங்கியவர்கள் தனியாகக் கேட்கவே விரும்பினார்கள். பின்னால் வந்த மாதிரிகளில் இரண்டாவது துளையும் பேச்சுப் பொத்தானும் மறைந்தன. மனைவியின் முகம் சொன்னது உண்மை என்பது இன்றைய வீடுகளைப் பார்த்தால் தெரியும். ஒரே கூடத்தில் நாலு பேர்; நாலு பேர் காதிலும் நாலு பாட்டு!

விற்றுத் தீர்ந்தது

1979 ஜூலை 1-ந் தேதி வாக்மேன் கடைக்கு வந்தது. முதல் மாதம் விற்றது சுமார் 3,000 மட்டுமே. எதிர்த்தவர்கள் சொன்னதே சரியாகிவிடும் போலிருந்தது. சோனியின் இளைஞர்கள் ஞாயிற்றுக் கிழமைகளில் வாக்மேனை மாட்டிக் கொண்டு டோக்கியோ கடைத்தெருக்களில் நடந்தார்கள். எதிரே வருபவர் காதில் மாட்டிக் கேட்க வைத்தார்கள். பழம்பொருள் கடையில் கற்ற பாடம் பலித்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் 30,000 பெட்டியும் தீர்ந்தது.

வாக்மேன் என்பது சரியான ஆங்கிலம் இல்லை என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலில் வேறு பெயர்கள் வைத்தார்கள். ஆனால் ஜப்பானுக்கு வந்து போனவர்கள் வாக்மேன் என்றே கேட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. 1986-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் ஏறியது. ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பைச் சோனி 2010-ல் நிறுத்தியது. அதற்குள் சுமார் 20 கோடி விற்றிருந்தன.

மோரிட்டாவுக்குத் தோல்வியும் உண்டு. 1975-ல் சோனி வெளியிட்ட பீட்டாமேக்ஸ் வீடியோ நாடா, போட்டியாக வந்த வி.எச்.எஸ். முன் நிற்க முடியவில்லை. வழக்கும் உண்டு. இடுப்பில் கட்டிப் பாட்டுக் கேட்கும் கருவிக்கு 1977-லேயே காப்புரிமை கேட்டவர் ஆண்ட்ரியாஸ் பாவல். அவர் சோனியோடு நெடுங்காலம் வழக்காடினார். மோரிட்டா மறைந்த பிறகுதான் சமரசம் ஏற்பட்டது.

நம் ஊரில் கேசட்

1980-களில் கேசட் தமிழ்நாட்டையும் பிடித்துக் கொண்டது. ஊருக்கு ஊர் கேசட் பதிவு நிலையங்கள் தோன்றின. பிடித்த பாட்டுகளை வெள்ளைத் தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். வளைகுடா நாட்டிலிருந்து வருபவர் கையில் டேப் ரிக்கார்டர் இருக்கும். எழுதத் தெரியாத தாய்மார்கள் கேசட்டில் பேசி, கடல் கடந்த மகனுக்கு அனுப்பினார்கள். குழந்தையின் முதல் மழலையும் கேசட்டில் ஏறியது.

இன்று செவ்வாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி வேலைக்குப் போகும் இளைஞர் காதில் பாட்டு இருக்கிறது. பாடுவது செல்போன். கேசட் பெட்டி பரண்மேல் கிடக்கிறது. கெட்டுப் போய்விட்டது என்று பலர் அதைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அது செத்திருக்காது, பெரும்பாலும் ஒரு ரப்பர் வார்தான் செத்திருக்கும்.

பழைய பெட்டி மறுபடி பாட

பெட்டிக்குள் ஒரு சிறு மோட்டார். மோட்டாரின் சுழற்சியை மெல்லிய ரப்பர் வார் ஒரு சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. சக்கரத்தோடு இணைந்த எஃகுத் தண்டும் ஒரு ரப்பர் உருளையும் நாடாவை நடுவில் பிடித்து இழுக்கின்றன. நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம். நாடாவில் உள்ள காந்தப் பொடி, ஹெட் என்னும் சிறு பகுதியைத் தொட்டுப் போகிறது. அதில் மிக மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. அது பெருகிக் காதில் பாட்டாகிறது. கதை அவ்வளவுதான்.

வருஷக் கணக்கில் கிடந்தால் ரப்பர் வார் தளர்ந்து போகும். அல்லது தார்போல உருகி ஒட்டும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் நாடா நகராவிட்டால் வார் போய்விட்டது என்று அறியலாம். பாட்டு இழுத்து இழுத்துக் கனத்த குரலில் வந்தாலும் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

முதலில் பேட்டரியைக் கழற்றி விடவேண்டும். பேட்டரி தொடும் தகட்டில் பச்சை படிந்திருந்தால், எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த பஞ்சால் மெல்லத் துடைத்து, ஈரம் போகக் காயவிட வேண்டும். மூடியைத் திறந்து, பழைய வாரின் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து எடுக்க வேண்டும். அதே அளவில் புது வார் போட வேண்டும். வேறு அளவு வார் போட்டால் வேகம் கெடும். ஹெட்டையும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். ஊசியோ கத்தியோ அதில் படவே கூடாது.

கேசட்டையும் பார்க்க வேண்டும். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் யந்திரத்தில் போடக் கூடாது. நாடா தொய்ந்திருந்தால் ஒரு பென்சிலைத் துளையில் விட்டுச் சுற்றினால் இறுகிவிடும். வீட்டாரின் குரல் உள்ள கேசட்டாக இருந்தால், மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளை ஒடித்துவிட வேண்டும். பிறகு யாரும் தெரியாமல் அதன் மேல் வேறு பதிவு செய்ய முடியாது. முதல் சோதனைக்கு அந்தக் கேசட்டைப் போடாமல், போனால் போகட்டும் என்ற ஒரு கேசட்டைப் போடுவது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் பெட்டி பாடும். நாடா ஓடும்போது மெல்லிய காற்றுப்போல ஓர் இரைச்சல் முதலில் கேட்கும். பிறகு பாட்டு வரும். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட வேண்டும். அடுத்த பாட்டுக்குத் தாவ முடியாது. பொறுமையாகக் கேட்க வேண்டும். அதில் ஒரு சுகம் இருக்கிறது.

கடைசி நாட்கள்

1993 நவம்பர் 30-ந் தேதி மோரிட்டா டென்னிஸ் விளையாடிக் கொண்டிருந்தார். அப்போது மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு விழுந்தார். உயிர் பிழைத்தார், பழைய மோரிட்டாவாக எழவில்லை. 1994-ல் தலைவர் பதவியை விட்டார். 1997 டிசம்பரில் நண்பர் இபுகா காலமானார். 1999 அக்டோபர் 3-ந் தேதி டோக்கியோவில் மோரிட்டாவும் மறைந்தார். அப்போது வயது 78.

கேசட்டைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. டேப் ரிக்கார்டரைக் கண்டுபிடித்தவரும் அவர் இல்லை. இருந்த யந்திரத்திலிருந்து வேண்டாததை எடுத்துவிட்டால் அது மனிதனோடு நடந்து வரும் என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கைக்காகப் பதவியையே பணயம் வைத்தார். அதற்கும் முன்னால், அவருக்காக ஒரு தகப்பனார் 14 தலைமுறை வழக்கத்தையே விட்டுக் கொடுத்தார்.

பரண்மேல் கிடக்கும் பெட்டியை இந்த ஞாயிற்றுக் கிழமை இறக்கிப் பாருங்கள். ஒரு சின்ன ரப்பர் வார் மாற்றினால், என்றோ போய்விட்ட பாட்டி மறுபடி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடும்.